விளக்கு வெச்சிருக்கிற பொண்ணு படம், நிஜமாவே வாட்டர் கலரா?

மாடவீதி_மணி:
எங்க மயிலாப்பூர் வீட்டு ஹால்ல நான் பொறந்ததுலேர்ந்து ஒரு படம் தொங்குது, விளக்கை ஏந்திக்கிட்டு ஒரு பொண்ணு நிப்பாளே அதான். தாத்தா கேலண்டர்லேர்ந்து கத்திரிச்சு பிரேம் போட்டது. ரவிவர்மா படம்னு பாட்டி வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க, நானும் ஸ்கூல்ல அப்படியே அளந்து விட்டிருக்கேன். அப்புறம் மைசூர் போனப்போ ஜகன்மோகன் பேலஸ்ல ஒரிஜினலைப் பார்த்தா ஹல்தங்கர்னு பேர் போட்டிருக்கு!! ரவிவர்மா 1906லயே போய்ட்டார், இது 1940கள்ல வரைஞ்சதாம்.

என்னை அங்கயே நிறுத்தினது அந்த கைதான். தீபம் அணையாம இருக்க ஒரு கையால மறைச்சு பிடிச்சிருக்கா, விரல் ஓரமெல்லாம் செவசெவன்னு, கரண்ட் போனப்போ டார்ச்சை உள்ளங்கையால மூடி பார்ப்போமே அதே செவப்பு. கேலண்டர்ல அது வெறும் ஆரஞ்சு கலர் அவ்ளோதான். இது வாட்டர் கலர்ங்கறாங்க, நிஜமாவா? அவ்ளோ இருட்டை தண்ணி கலர்ல எப்படி கொண்டு வர முடியும்? அப்புறம் எங்க படம் பூஞ்சை பிடிச்சிடுச்சு, புது பிரிண்ட் போட்டா எப்படி பிரேம் பண்றது?

தூரிகை_துரை:
நிஜம்தான் ப்ரோ. ஆயில்னா தப்பு வந்தா மேல பூசிக்கலாம், வெள்ளையை கடைசியில கூட வைக்கலாம். வாட்டர் கலர்ல வெளிச்சம்ங்கறதே பேப்பரோட வெள்ளைதான், அதை முதல்லயே விட்டு வெக்கணும், சுத்தி இருட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போகணும், ஒரு கோட் காயறதுக்குள்ள அடுத்ததை போட்டா எல்லாம் சேறு. காலேஜ்ல நான் ஒரு அகல் விளக்கு போட்டேன், சார் பார்த்துட்டு "கரண்ட் கட்டாப்பா?"ன்னு கேட்டார். அந்த பொண்ணு ஹல்தங்கரோட சொந்த மகளாம், தீபாவளிக்கு விளக்கோட நின்னதைப் பார்த்துதான் ஐடியா வந்ததுன்னு சொல்லுவாங்க.

பெரம்பூர்_பாலா:
எனக்கு இந்த படம் கொஞ்சம் ஓவர் இனிப்பு, சாரி. அதே பேலஸ்ல ரவிவர்மாவோட 1889 படம் இருக்கு, வாத்தியங்களோட 11 பொண்ணுங்க, ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு ஊர் உடுப்புல. பேருக்குத்தான் கச்சேரி, ஆனா ஒருத்தி மூஞ்சியிலயும் சிரிப்பு இல்ல, அதுதான் மனசுல நிக்குது. மைசூர் வரைக்கும் போக முடியலேன்னா நம்ம எக்மோர் மியூசியத்துலயே ரவிவர்மா ஒரிஜினல் இருக்கு, பாதி பேர் படங்க இருக்கிற பில்டிங்குக்குள்ள போகாமலே திரும்பிடறாங்க.

அடையார்_அக்கா:
தம்பி, பிரிண்ட் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருந்தா நம்ம ஊர் ஈரத்துக்கு பூஞ்சை வராம என்ன செய்யும்? நடுவுல மவுண்ட் போர்டு (படத்தைச் சுத்தி வர்ற தடி அட்டை) வெக்க சொல்லுங்க, பின்பக்கம் இடைவெளி இல்லாம டேப் ஒட்டணும். பாத்ரூமை ஒட்டின சுவர்ல மாட்டாதீங்க, வெயில் நேரா விழற இடமும் வேணாம், கலர் வெளுத்துடும்.

மாடவீதி_மணி:
தேங்க்ஸ் அக்கா, ஹால்ல இப்போ மாட்டியிருக்கறதே பாத்ரூமை ஒட்டின சுவர்லதான் 😭 பாட்டிகிட்டயும் ஹல்தங்கர் விஷயத்தை சொல்லிட்டேன். "அப்போ ரவிவர்மாவோட சிஷ்யரா இருக்கும்"னுட்டு சீரியல் பார்க்க போய்ட்டாங்க.