டோட்டல் ஸ்டேஷன்ல மரத்தோட இடம் தள்ளித் தள்ளி விழுது, உதவுங்க

கிளுவைவேலி:
வணக்கமுங்க. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல ரோடு அகலப்படுத்துற வேலைக்கு டோட்டல் ஸ்டேஷன் (தூரமும் கோணமும் அளக்குற கருவி) வெச்சு மரக்கணக்கு எடுக்கறேன். ஒவ்வொரு மரமும் படத்துல அதது இடத்துல நிக்கோணும். பெரும்பாலும் புளி, வேம்பு, பனை. கொரங்காட்டு (மேய்ச்சல் காட்டு) ஓரமா வெள்ளவேல் மரமும் இருக்குது.

முதல் நாள் பிரிசத்தை (கருவியோட ஒளியைத் திருப்பி அனுப்புற கண்ணாடி) அடிமரத்துக்கு முன்னால அண்டக் கொடுத்து எடுத்தோம். சரிபார்க்கறதுக்காக ஒரு சில மரத்தை டி3, டி4னு கருவி வெச்ச ரெண்டு ஸ்டேஷன்ல இருந்தும் எடுத்தேன். ரெண்டும் ரோட்டோரத்துல, மரத்துக்கு எதிரெதிர்ப் பக்கம். படம் போட்டா ஒரே புளிக்கு ரெண்டு புள்ளி, நடுவுல 1 மீட்டர். வேம்புக்கு 60 செ.மீ., பனைக்கு 40.

ரெண்டாம் நாள் வெள்ளவேலுக்கு முன்னால போக முடியல, ஒரே முள்ளு. அதனால பிரிசத்தை மரத்துக்குப் பக்கவாட்டுல, வேலியை ஒட்டி வெச்சு, ‘ஆஃப்செட் 0.60’னு கருவியில போட்டேன், அதாவது மரம் பிரிசத்துக்குப் பக்கத்துல 60 செ.மீ. தள்ளி இருக்குதுன்னு. இப்போ மூணு மரம் வேலிக்கு வெளிய அரை மீட்டர் தள்ளி நிக்குது. நேர்ல டேப் போட்டா வேலிக்கு உள்ள 70 செ.மீ.

தோட்டத்து ஐயா படத்தைப் பாத்துட்டு, “அம்மணி, எங்கப்பாரு காலத்து மரமுங்க. ரோட்டு மரம்னு எழுதிப்போட்டா நான் எங்க போயிச் சொல்றது?”ன்னு கேட்டாரு. ஆபீஸ்ல கேட்டா மரத்துக்கு அரை மீட்டர் எல்லாம் பரவாயில்லைன்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலைங்க. பட்டா மரமா, புறம்போக்கு மரமாங்கறதே அந்த அரை மீட்டர்லதான இருக்குது?

ஈரோடு_லெவல்:
பேக்சைட் (இடம் தெரிஞ்ச புள்ளியைக் குறிபாத்துத் திசையைச் சரிபண்றது) ஒழுங்கா அடிச்சீங்களா? ஸ்டேஷன் தப்புன்னா எல்லாமே தள்ளும்.

கிளுவைவேலி:
பாத்துட்டேன் அண்ணா. புல எல்லைக்கல்லும் மைல்கல்லும் ரெண்டு ஸ்டேஷன்ல இருந்தும் 8 மி.மீ.க்குள்ள ஒத்துவருது. மரம் மட்டும்தான் இப்படி.

மலைக்கோணம்:
அப்படின்னா கருவி மேல தப்பு இல்லைங்க. உங்க எண்ணையே பாருங்க. புளி 1 மீட்டர், பனை 40 செ.மீ. அது அந்தந்த மரத்தோட தடிமன்! டி3-ல இருந்து மரத்தோட இந்தப்பக்கத் தோலைத் தொட்டீங்க, டி4-ல இருந்து அந்தப்பக்கத் தோலை. நடுவை ரெண்டு தடவையும் எடுக்கவே இல்லை.

சரிபண்ண மறுபடி கருவி தூக்கிட்டுப் போக வேண்டாம். நெஞ்சு உயரத்துல, அதாவது 1.37 மீட்டர்ல, சுற்றளவு எடுத்திருப்பீங்களே? அதை 6.283-ஆல வகுத்தா ஆரம் வரும். புளி சுற்றளவு 3.14 மீட்டர்னா ஆரம் 0.50. அதே கோணத்துல கிடைத்தூரத்தோட (மட்டமான தூரம்) அந்த 0.50-ஐக் கூட்டுங்க. சாய்தூரத்தோட (சரிவா அளந்த தூரம்) கூட்டிடாதீங்க.

ஆனா புளி உருண்டையா இருக்காது, வரிவரியாப் புடைச்சிருக்கும். பனங்கன்னுல காய்ஞ்ச மட்டை அடிவரைக்கும் தொங்கும். பிரிசம் இல்லாம நேரா அடிச்சா தூரம் மட்டையில பட்டுத் திரும்பும், தண்டுல படாது. அந்த மாதிரி மரத்துக்குத் தூரம் எடுத்த கையோட இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் குறிபாத்துக் கோணம் மட்டும் எழுதிக்கங்க. ரெண்டோட சராசரிதான் நடுவோட திசை. வித்தியாசத்துல பாதியோட சைனை வெச்சு ஆரமும் வந்துரும். 24.50 மீட்டர்ல முன்தோல், ஓரத்துக்கு ஓரம் 2°17'30" வித்தியாசம். பாதிக் கோணத்தோட சைன் 0.02. 24.50-ஐ 0.02-ஆல பெருக்கி 0.98-ஆல வகுத்தா 0.50. டேப்பும் கோணமும் ஒத்துவந்தா அந்த மரத்தை நம்பலாம்.

பழைய_சங்கிலி:
தங்கச்சி, ரெண்டாம் நாள் கதை வேறம்மா. பிரிசம் பிடிச்ச பையன் எந்தப் பக்கம் பாத்து நின்னான்?

கிளுவைவேலி:
கருவியைப் பாத்துதான் ஐயா. அவன் “வலது”ன்னு கத்தினான், நான் வலதுன்னு போட்டேன்.

பழைய_சங்கிலி:
அவன் வலது உனக்கு இடது. கணக்குப் போட்டுப் பாரு. மரம் வேலிக்கு உள்ள 70. பிரிசம் அதுல இருந்து 60 ரோட்டுப்பக்கம், அதாவது வேலிக்கு உள்ள 10. அதுல இருந்து நீ மறுபடி 60 ரோட்டுப்பக்கமே தள்ளிட்டே. வேலிக்கு வெளிய 50. உன் படத்துல இருக்கறது அதேதான்.

100 கண்ணி, 66 அடிச் சங்கிலி இழுத்த காலத்துல எங்களுக்கு முதல்ல சொல்லிக்கொடுத்ததே இதுதான். சங்கிலி போற திசையைப் பாத்து நின்னாத்தான் இடது வலது. கூவுறவன் எந்தப்பக்கம் திரும்பினாலும் சரி, எழுதறவன் பாக்கற திசைதான் கணக்கு. இனி இடது வலதுன்னு கூவவே வேண்டாம். “ரோட்டுப்பக்கம்”, “வேலிப்பக்கம்”னு சொல்லச் சொல்லு.

மலைக்கோணம்:
ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. இன்னொண்ணு: 0.60-னு கையால போடறதையே விட்டுடுங்க. கருவியில கோண ஆஃப்செட் இருக்கும். பிரிசத்தைப் பக்கத்துல வெச்சுத் தூரம், அப்பறம் மரத்து நடுவைக் குறிபாத்துக் கோணம். இடது வலதே வராது. பிரிசம் கருவியில இருந்து மரத்து நடு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துல நிக்கோணும், 10 செ.மீ. முன்னால நின்னா மரமும் 10 செ.மீ. முன்னால வந்துரும். ரொம்பக் கிட்டத்துல இருந்து எடுக்காதீங்க. பிரிசம் மரத்தைப் பாக்கற கோட்டுக்கு நேர்குறுக்கா 60 செ.மீ. தள்ளி இருந்தா 25 மீட்டர்ல 7 மி.மீ.தான் பிழை, 5 மீட்டர்ல 3.6 செ.மீ. ஆயிடும்.

தென்னந்தோப்பு:
பொள்ளாச்சிப் பக்கம் நாங்க படற பாடு சாய்ஞ்ச தென்னை. நெஞ்சு உயரத்துல நடுவைப் பாத்தா அடி எங்கயோ இருக்கும். மண்ணுல இறங்கற இடத்தைத்தான் குறிக்கோணும்னு முதல்லயே பேசி வெச்சுக்கங்க. ஆர்.டி.கே. (சென்டிமீட்டர் துல்லியத்துல இடம் காட்டுற செயற்கைக்கோள் கருவி) இருந்தாலும் புளி நிழல்ல அந்தத் துல்லியம் நிக்காது. வெட்டவெளியில ரெண்டு புள்ளி எடுத்து, ரெண்டுல இருந்தும் மரத்துக்கு டேப் போடுங்க. மரம் கோட்டுக்கு எந்தப்பக்கம்னு எழுத மறந்தா விடை ரெண்டு வரும்.

கிளுவைவேலி:
எல்லாருக்கும் நன்றிங்க. முதல் நாள் மரத்துக்கெல்லாம் ஆரம் கூட்டிட்டேன், ரெண்டு ஸ்டேஷன் எடுத்த புளி இப்போ 4 செ.மீ.க்குள்ள சேந்துருச்சு. பனைக்குத்தான் ரொம்ப நிம்மதி. 2021-லயே பனை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம்னு அறிவிச்சாங்க, அதனால ஒவ்வொண்ணும் தனித்தனியா எழுதியாகோணும்.

வெள்ளவேல் மூணுக்கும் இன்னிக்குக் காலையில மறுபடி போனேன். கோண ஆஃப்செட்டுல எடுத்தேன். வேலிக்கு உள்ள 71, 68, 74 செ.மீ. தோட்டத்து ஐயாவே டேப்போட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு, கிளுவைக் குச்சியை விலக்கி, எண்ணைச் சத்தமா வாசிச்சாரு. படத்தை மாத்தி அனுப்பிட்டேன், பழைய படத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிட்டேன்.