நிறுத்தி வச்சிருந்த கார்ல யாரோ இடிச்சிட்டு போயிட்டாங்க, இன்சூரன்ஸ் கிளைம் போடலாமா இல்ல கைக்காசு போட்டு சரி பண்ணலாமா?

பள்ளிக்கரணை வாசி

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு ஸ்விஃப்ட், பெட்ரோல், வாங்கி அஞ்சு வருஷம் ஆகப் போகுது. போன வாரம் ஆபீஸ் பக்கத்துல ரோட்டோரமா நிறுத்திட்டு சாயங்காலம் வந்து பார்த்தா இடது பக்க பின் கதவுல நல்லா உள்வாங்கி இருக்கு, அதுல இருந்து பின்சக்கரத்துக்கு மேல வரைக்கும் நீளமா ஒரு இழுப்பு, சக்கர வளைவு ஓரத்துல பெயிண்ட் மொத்தமா போயி தகடு பளபளன்னு தெரியுது. பக்கத்து கடையில கேட்டா தண்ணி லாரி ஒன்னு ரிவர்ஸ் எடுத்துச்சுன்னு சொல்றாங்க, நம்பர் யாரும் பார்க்கல, அந்த கடை கேமராவும் ரோட்டை பார்த்து இல்ல, அதனால இடிச்சவங்களை பிடிக்கிறது நடக்காதுன்னு விட்டுட்டேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல காட்டினேன், 11,800 எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க, ரெண்டு பேனல் டிங்கரிங் பெயிண்டிங். வெளியில எங்க ஏரியா ஒர்க்‌ஷாப்ல 6,500 சொல்றாரு. பாலிசி ஜீரோ டெப் (பாகங்களுக்கு தேய்மானம் கழிக்காம கொடுக்கறது), என்சிபி (கிளைம் போடாத வருஷங்களுக்கு பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி) 45% இருக்கு, இதுவரைக்கும் ஒரு கிளைம் கூட போட்டதில்ல, அடுத்த மாசம் ரினியூவல். சர்வீஸ் அட்வைசர் என்ன சொல்றாருன்னா "மேடம் ஜீரோ டெப் தானே, நீங்க ஆயிரம் ரூபா கட்டினா போதும், முன் பம்பர்ல இருக்கற பழைய கீறலையும் இதுலயே சேர்த்து போட்டுடலாம்"னு. கேக்கறப்ப நல்லா தான் இருக்கு, ஆனா வீட்டுக்காரர் என்சிபி போயிடும் வேணாம்னு சொல்றாரு. வருஷா வருஷம் பிரீமியம் கட்டறோமே, அப்புறம் எதுக்கு இன்சூரன்ஸ்னு எனக்கு தோணுது. எது சரின்னு அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

மதுரைக்காரன்

தாராளமா போடுங்க சிஸ்டர். ஜீரோ டெப்புக்கு எக்ஸ்ட்ரா காசு கட்டறதே இதுக்குத்தான். ஒரு கிளைம் போட்டா ஒரு ஸ்லாப் தான் கீழ இறங்கும், 45ல இருந்து 35 ஆகும், அதுல என்ன ஒரு ஆயிரம் ரூபா வித்தியாசம் வரப்போகுது. 11,800 பில்லுக்கு ஆயிரம் கட்டிட்டு வண்டியை புதுசு மாதிரி எடுத்துட்டு வாங்க.

ஓய்வு பெற்ற சர்வேயர்

மேல சொன்ன தம்பி, ஒரு ஸ்லாப் இறங்கும்ங்கறது நம்ம ஊர்ல கிடையாதுப்பா. இங்க ஒரு கிளைம் பணம் வாங்கினா அடுத்த ரினியூவல்ல என்சிபி நேரா பூஜ்யம், அது 4,000 ரூபா கிளைமா இருந்தாலும் சரி 4 லட்சமா இருந்தாலும் சரி. கிளைம் இல்லாம ஒரு வருஷம் போனா 20, அடுத்து 25, 35, 45, அஞ்சாவது வருஷம் 50%, அதுக்கு மேல ஏறாது. மறுபடி முதல் படியில இருந்து தான் ஏறணும்.

அம்மா, நீங்க முதல்ல பாலிசி ஷெட்யூலை எடுத்து ரெண்டு விஷயம் பாருங்க. என்சிபி புரொடெக்ட்னு ஒரு ஆட்-ஆன் போட்டிருக்கான்னு பாருங்க, அது இருந்தா கதையே வேற, கம்பெனி சொல்ற எண்ணிக்கைக்குள்ள கிளைம் போட்டாலும் என்சிபி அப்படியே நிக்கும். அடுத்து ஓன் டேமேஜ், அதாவது நம்ம வண்டி சேதத்துக்கான பிரீமியம், என்சிபி கழிக்கறதுக்கு முன்னாடி எவ்வளவுன்னு பாருங்க. மொத்த பிரீமியத்தை பார்க்காதீங்க. தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கான பிரீமியத்துல என்சிபி கிடையாது, உங்க வண்டி 1000 சிசிக்கு மேல 1500க்குள்ள வர்றதால அது 2022 ஜூன்ல வந்த ரேட்படி 3,416 ரூபா, கிளைம் போட்டாலும் போடாட்டியும் மாறாது. அந்த ரெண்டையும் பார்த்துட்டு சொல்லுங்க, கணக்கு போட்டு காட்டறேன்.

இன்னொன்னு, அட்வைசர் பழைய கீறலையும் சேர்க்கலாம்னு சொன்னாரே, அதுக்கு தயவு செஞ்சு ஒத்துக்காதீங்க. கிளைம் ஃபார்ம்ல என்னைக்கு எங்க எப்படி இடிச்சதுன்னு எழுதி கையெழுத்து போடறது நீங்க, அவர் இல்ல. இடது பின்பக்கம் லாரி உரசினதுல முன் பம்பர்ல எப்படி கீறல் வரும்? கம்பெனி சார்பா சேதத்தை பார்க்க வர்ற, வேலை தெரிஞ்ச சர்வேயர் கீறல் போற திசை, உயரம், அதுல படிஞ்சிருக்கற அழுக்கு இதை பார்த்தே புதுசு எது பழசு எதுன்னு சொல்லிடுவாரு. ரெண்டு சம்பவம்னா ரெண்டு கிளைம், ரெண்டுக்கும் தனித்தனியா கட்டாய கழிவு, அதாவது நீங்க கையில இருந்து கட்டற பங்கு, 1,000. ஒன்னுன்னு பொய் எழுதி மாட்டினா நியாயமான கிளைமும் சேர்ந்து போகும்.

பள்ளிக்கரணை வாசி

ரொம்ப நன்றி சார், இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. பார்த்தேன், என்சிபி புரொடெக்ட் இல்ல. ஓன் டேமேஜ் என்சிபிக்கு முன்னாடி ஏறக்குறைய 9,000 வருது. பழைய கீறலை சேர்க்க வேணாம்னு அட்வைசர்கிட்ட சொல்லிட்டேன். அவசரமா இப்பவே கம்பெனிக்கு இன்டிமேஷன் கொடுக்கணுமா, லேட் ஆனா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களா? அப்புறம் சும்மா இன்டிமேட் பண்ணாலே என்சிபி போயிடும்னு ஒருத்தர் சொன்னாரு, நிஜமா?

ஓய்வு பெற்ற சர்வேயர்

சரி, கணக்குக்கு வருவோம். 9,000ஐ அப்படியே வச்சுக்கறேன், நிஜத்துல வருஷா வருஷம் ஐடிவி, அதாவது பாலிசியில வண்டிக்கு போடற மதிப்பு, குறைய குறைய இதுவும் குறையும், ஆனா கணக்கு புரியணும்ல.

கிளைம் போடலன்னா அடுத்த மாசம் உங்களுக்கு 50%, அதாவது 4,500 கட்டினா போதும், இனி வர்ற வருஷங்களும் அதே 4,500. கிளைம் போட்டா அடுத்த மாசம் முழுசா 9,000. அதுக்கடுத்த வருஷம் 7,200, அப்புறம் 6,750, அப்புறம் 5,850, அப்புறம் 4,950, ஆறாவது ரினியூவல்ல தான் மறுபடி 4,500க்கு வந்து சேருவீங்க. வித்தியாசத்தை கூட்டிப் பாருங்க, 4,500, 2,700, 2,250, 1,350, 450, மொத்தம் 11,250. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி சேர்த்தா 13,275. ஐடிவி குறையறதை கழிச்சா பத்தாயிரத்தை ஒட்டி வரும்னு வச்சுக்கோங்க. கிளைம்ல உங்களுக்கு மிச்சம் ஆகறது 11,800ல ஆயிரம் போக 10,800. கிட்டத்தட்ட சரிக்கு சரி. ஆனா வெளியில 6,500க்கு வேலை முடியும்னா, உங்க கையில இருந்து போகப் போறது அந்த 6,500 தான், அதை காப்பாத்தறதுக்கு பத்தாயிரத்தை விடறீங்க.

லேட் பத்தி கேட்டீங்க. பாலிசியில உடனே சொல்லணும்னு இருக்கு, 24 மணி நேரம் 48 மணி நேரம்னு கம்பெனிகள் சொல்லும். ஆனா உண்மையான கிளைமை தாமதம்ங்கற ஒரே காரணத்துக்காக தள்ளக்கூடாதுன்னு 2011லயே இன்சூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கற ஐஆர்டிஏ சர்க்குலர் போட்டிருக்கு. அதுக்காக மாசக்கணக்கா விடலாம்னு அர்த்தம் இல்ல, போடறதா இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க. இன்டிமேட் பண்ணிட்டு, பைசா வாங்காம வித்ட்ரா பண்ணிட்டா பொதுவா என்சிபி போகாது, ஆனா "கிளைம் பணம் எதுவும் கொடுக்காம முடிக்கப்பட்டது"ன்னு கம்பெனிகிட்ட இருந்து மெயில்ல எழுதி வாங்கி பத்திரமா வச்சுக்கணும், இல்லன்னா ரினியூவல் சமயத்துல சிஸ்டத்துல கிளைம் ஓப்பன்ல இருக்குன்னு காட்டி என்சிபி தர மாட்டாங்க.

மதுரைக்காரன்

சார் நேரா பூஜ்யமாவா ஆகும்! எங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒரு ஸ்லாப்னு தான் பேசிக்கிறாங்க. சரி, கிளைம் வாங்கிட்டு ரினியூவல்ல வேற கம்பெனிக்கு மாறி 50%னு போட்டா அவங்களுக்கு எப்படி தெரியும்?

ஓய்வு பெற்ற சர்வேயர்

தெரியும் தம்பி. புது கம்பெனி பழைய கம்பெனியை கேட்டு உறுதி பண்ணும். முதல்ல பாலிசி ஈஸியா கையில வந்துடும், பின்னாடி பெருசா ஏதாவது ஆகி கிளைம் போகும்போது தான் தோண்டுவாங்க, தப்பான என்சிபி அறிவிப்புன்னு அப்ப நிறுத்துவாங்க. ஆயிரக்கணக்குல மிச்சம் பிடிக்கப் போய் லட்சக்கணக்குல நிக்கற இடம் அது. வேணாம்.

கோவை பட்டறை

நான் கோவைல பாடி ஷாப் வச்சிருக்கேனுங்க, டிங்கரிங் பெயிண்டிங் தான் எங்க தொழில். கணக்கை சார் தெளிவா சொல்லிட்டாரு, நான் வேலையை பத்தி மட்டும் சொல்றேன். 6,500 ரேட் ரெண்டு பேனலுக்கு நியாயமான ரேட்டு தானுங்க, ஆனா அந்த காசுக்கு என்ன செய்வாருன்னு கேட்டுட்டு வண்டியை விடுங்க. உள்வாங்கின கதவை உள்பக்கமா தட்டியோ, வெளியில ஸ்பாட் வெல்டர் வச்சு இழுத்தோ தகடை முடிஞ்ச வரைக்கும் பழைய மட்டத்துக்கு கொண்டு வரணும், அதுக்கு மேல மெலிசா பட்டி (மேடு பள்ளம் நிரப்பற பூச்சு) போடணும். சில எடத்துல தகடை சரியா இழுக்காம பள்ளத்தை பூரா பட்டியால ரொப்பி தேய்ச்சு பெயிண்ட் அடிச்சு கொடுத்துடறாங்க, வண்டி எடுக்கறப்ப கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு வெயில் காலம் ஒரு மழை காலம் போனா விரிசல் விட்டு கொப்பளிச்சு வரும். பட்டி போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல வந்து பார்க்கறேன்னு சொல்லிடுங்க, நல்ல ஆளா இருந்தா கோவிச்சுக்க மாட்டாரு.

கலர் என்னங்க? வெள்ளையா இருந்தா கவலை இல்ல. சில்வர், மெட்டாலிக் கிரே மாதிரி இருந்தா கலர் கோடு பார்த்து மெஷின்ல மிக்ஸ் பண்ணாலும் அஞ்சு வருஷ வெயில்ல பழைய பெயிண்ட் கொஞ்சம் மங்கி இருக்கும், அதனால அடிச்ச பேனல் தனியா தெரியும். பக்கத்து கதவு வரைக்கும் லேசா பிளெண்ட் பண்ணி விடுவீங்களான்னு கேளுங்க. வேலை முடிஞ்சதும் ஷெட்டுக்குள்ள பார்த்துட்டு எடுத்துட்டு வந்துடாதீங்க, வெளியில வெயில்ல நிறுத்தி சாய்ச்சு பாருங்க, அப்பத்தான் வித்தியாசம் கண்ணுக்கு தெரியும்.

முக்கியமானது என்னன்னா சக்கர வளைவுல தகடு தெரியுதுன்னு சொன்னீங்க, அது எனக்கு கவலையா இருக்குங்க. பின்சக்கரம் அடிக்கற சேறு தண்ணி நேரா அங்க தான் படும், உங்க ஊர் காத்துல வேற ஈரமும் உப்பும் ஜாஸ்தி. கிளைமா கைக்காசான்னு யோசிச்சு முடிக்கற வரைக்கும் சும்மா விடாம, பக்கத்து ஒர்க்‌ஷாப்ல சுத்தம் பண்ணி கொஞ்சம் ப்ரைமர் மட்டும் தொட்டு விடச் சொல்லுங்க. ஆனா கிளைம் போடறதா இருந்தா சர்வே முடியற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுங்க, அதுக்கு முன்னாடி நாலு பக்கமும் நம்பர் பிளேட் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

திருச்சி ராக்போர்ட்

எல்லாரும் கிளைம் வேணாம்னு சொல்றதை பார்த்து பொதுவா யாரும் போடவே கூடாதுன்னு எடுத்துக்கக் கூடாது. இந்த பாலிசி வருஷத்துலயே ஏற்கனவே ஒரு கிளைம் வாங்கியிருந்தா என்சிபி போனது போனது தான், அப்ப இந்த சின்ன அடியையும் தனி கிளைமா போட்டா புதுசா இழக்கறதுக்கு என்சிபி ஒன்னும் இல்ல. ஆனா ஜீரோ டெப்ல பல கம்பெனிகள் வருஷத்துக்கு 2 தடவைன்னு வரம்பு வச்சிருக்கு, அதை பார்த்துக்கணும். அதே மாதிரி இப்ப 20%லயே இருக்கறவங்களுக்கு இழப்பு கம்மி, அவங்களுக்கு இதே 11,800 கிளைம் போடறது சரியா வரலாம்.

ஜீரோ டெப் இல்லாதவங்களுக்கும் ஒன்னு. பெயிண்டிங்ல பாதி காசு பிடிச்சுடுவாங்கன்னு நிறைய பேர் பயப்படறாங்க, அப்படி இல்ல. பெயிண்டிங் பில்லுல 25% தான் மெட்டீரியல்னு எடுத்து அதுல தான் பாதி கழிப்பாங்க, அதாவது 8,000 பெயிண்டிங்னா கழியறது 1,000 மட்டும். பம்பர் மாதிரி பிளாஸ்டிக் மாத்தினா தான் நேரா 50% அடி.

மேடம், இந்த வண்டியை இன்னும் எத்தனை வருஷம் வச்சுக்கறதா ஐடியா?

பள்ளிக்கரணை வாசி

அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிய வண்டியா மாத்தலாம்னு பேசிட்டு இருக்கோம், பசங்க வளர்ந்துட்டாங்க. அப்ப என்சிபி இந்த வண்டியோட போயிடும் தானே, அப்படின்னா இப்ப கிளைம் போட்டா பெருசா நஷ்டம் இல்லன்னு நினைக்கிறேன், சரியா? கலர் வெள்ளை தான், கோவை அண்ணா.

திருச்சி ராக்போர்ட்

இல்ல மேடம், இங்க தான் முக்கியமான விஷயமே இருக்கு. என்சிபி வண்டிக்கு இல்ல, ஆளுக்கு. பழைய வண்டியை வித்துட்டு பேர் மாத்தின பேப்பரை கொடுத்தா உங்க கம்பெனியே என்சிபி சர்டிஃபிகேட் தரும், அது 3 வருஷம் வரைக்கும் செல்லும், அதை புது வண்டி பாலிசியில போட்டுக்கலாம், கம்பெனி மாறினாலும் பரவால்ல. பாலிசி யார் பேர்ல இருக்கோ புது வண்டியும் அவங்க பேர்லயே இருக்கணும், அது மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப கணக்கு போடுங்க. அடுத்த மாசம் 4,500 கூடுதல், ஜிஎஸ்டியோட 5,310. அடுத்த வருஷம் புது வண்டிக்கு ஓன் டேமேஜ் 24,000 வருதுன்னு வைங்க. 50%னா 12,000 கழியும், கிளைம் போட்டிருந்தா அப்ப உங்ககிட்ட 20% தான் இருக்கும், 4,800 தான் கழியும். அங்க 7,200 போச்சு, ஜிஎஸ்டியோட 8,496. ரெண்டே வருஷத்துல 13,806, அதுக்கப்புறம் வர்ற வருஷங்களை நான் சேர்க்கவே இல்ல. வண்டி மாத்தப் போறவங்க தான் என்சிபியை இன்னும் கெட்டியா பிடிச்சுக்கணும்.

ஓய்வு பெற்ற சர்வேயர்

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி. எதுக்கு இன்சூரன்ஸ்னு கேட்டீங்களேம்மா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப உங்க பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் எத்தனை வண்டி தண்ணிக்குள்ள நின்னுச்சு, அந்த மாதிரி நம்ம கையால தாங்க முடியாத செலவுக்கு தான் அது. கைக்காசுல முடியற வேலைக்கு அதை எடுக்காதீங்க.

ரினியூவலை மட்டும் தேதிக்குள்ள பண்ணிடுங்க. பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டினா கிளைமே போடாதவங்களுக்கும் என்சிபி போயிடும். அதோட விட்டுப் போன பாலிசியை மறுபடி எடுக்கப் போனா வண்டியை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுவாங்க, இந்த அடி அப்படியே இருந்தா பழைய டேமேஜ்னு குறிச்சு வச்சுடுவாங்க, நாளைக்கு அதே கதவுல வேற ஏதாவது இடிச்சா அந்த கிளைம் சிக்கலாகும்.

பள்ளிக்கரணை வாசி

ஆளுக்கு தான் என்சிபின்னு இன்னைக்கு தான் தெரிஞ்சுது. வெளியிலயே கொடுக்கறோம், வீட்டுக்காரர் சனிக்கிழமை வண்டியை விடறாரு. பட்டிக்கு முன்னாடி போய் பார்க்கறேன். ப்ரைமர்ல எதுவும் ஸ்பெஷலா கேக்கணுமா அண்ணா?

கோவை பட்டறை

வெறும் தகடு தெரியற எடத்துக்கு எபாக்ஸி ப்ரைமர் அடிக்கச் சொல்லுங்க, துரு பிடிக்காம அது தான் நல்லா காப்பாத்தும். வளைவோட உள்பக்க விளிம்பையும் விட்டுடாம அடிக்கச் சொல்லுங்க, வெளியில தெரியாத எடம்ங்கறதால பல பேர் அங்க விட்டுடறாங்க, துரு அங்க இருந்து தான் ஆரம்பிக்குமுங்க. பெயிண்ட் அடிச்சு கொஞ்ச நாளைக்கு பாலிஷ், வாக்ஸ் எதுவும் போட வேணாம், வெறும் தண்ணி ஊத்தி கழுவினா போதும்.