முட்டுக் கம்பு எங்கே நிற்கிறது? மலைச்சரிவில் கொங்கிரீட் போட்ட அனுபவங்கள்

ஹட்டன்வாசி:

வீடு கட்டுகிறவர்கள் எத்தனை சூத்திரப் பருமனில் கம்பி, எத்தனை மூட்டை சீமெந்து என்று என்னிடம் துருவித் துருவிக் கேட்பார்கள். தட்டு, அதாவது கொங்கிரீட் தளம், வார்க்கும் பலகைக்குக் கீழே நிற்கும் முட்டுகளைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. ஈரக் கொங்கிரீட் தன் காலில் நிற்கும்வரை அதைச் சுமப்பவை அவைதான்.

அது ஜூன் மாதம். லயத்தை, அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பை, விட்டு வெளியேறி, சரிவில் கிடைத்த துண்டுக் காணியில் வீடு கட்டிய ஒரு குடும்பம். மேட்டுப் பக்கம் முட்டு 8 அடி, பள்ளத்துப் பக்கம் 16 அடி. எல்லாம் யூக்கலிப்டஸ் கம்புகள். விடிந்தால் கொங்கிரீட். கலவை இயந்திரம் வந்துவிட்டது, உறவுக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. மாலையில் டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பள்ளத்து வரிசையில் ஒரு கம்பைத் தள்ளினேன், ஆடியது. குனிந்து பார்த்தால், கம்பின் அடிக்கும் கீழே வைத்த செங்கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. கம்பு நிற்கவில்லை, மேலே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்திவாரம் வெட்டிய மண்ணைக் கொட்டிய இடம் அது. பகல் மழை அதை அரித்துவிட்டது.

"பாரம் ஏறினால் தானாக உட்கார்ந்துகொள்ளும் தம்பி" என்றார் மேசன் அண்ணன். நல்ல வேலைக்காரர், ஆனால் இந்தப் பேச்சுக்குத்தான் நான் பயப்படுகிறேன். உட்காருகிற கம்பு தன் சுமையைப் பக்கத்துக் கம்பின் தலையில் ஏற்றிவிட்டல்லவா உட்காரும்?

சீமெந்துப் பையைக் கிழித்து அதிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். 5 அங்குலத் தட்டு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 300 கிலோ. பலகை, ஆட்கள், தள்ளுவண்டி எல்லாம் சேர்த்தால் 500. மூன்றடிக்கு ஒரு கம்பு என்றால் ஒவ்வொன்றும் 400 கிலோ சுமக்க வேண்டும். 4 அங்குலக் கம்பின் அடியில் அது சதுர சென்ரிமீற்றருக்கு 5 கிலோ. கொட்டிய மண் அதைத் தாங்காது. இன்னொன்றும் உண்டு: ஒரே பருமனான கம்பின் நீளம் இரண்டு மடங்கானால், வளையாமல் தாங்கும் சக்தி நான்கில் ஒன்றாகிவிடும். நடுவில் இரு திசையிலும் குறுக்குக் கட்டை அடித்து இறுக்கினால் அந்தச் சக்தி திரும்பக் கிடைக்கும்.

மூன்று நாள் தள்ளிப்போட்டோம். சமைக்க வாங்கிவைத்த காய்கறியைப் பார்த்து அந்த வீட்டு அக்கா அழுதுவிட்டார். எனக்கும் மனம் கனத்தது. கொட்டிய மண்ணை அள்ளிவிட்டு, இறுகிய இயல்பு மண்ணில் படி வெட்டி, 9 அங்குலப் பலகையை மட்டமாகக் கிடத்தி, அதன்மேல் கம்பை நிறுத்தி, எதிரெதிராக இரண்டு ஆப்பு அடித்து ஆணியால் பூட்டினோம். மேட்டுப் பக்கம் மழைநீர் விலகி ஓட ஒரு கான் வெட்டினோம். கொங்கிரீட் போட்ட அன்று கீழே யாரையும் நிற்க விடவில்லை. பலகை இறங்குகிறதா என்று வெளியிலிருந்தே நூல் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் அசையவில்லை.

நுவரெலியா தச்சன்:

எனக்கு அடி விழுந்தது தூணில், அண்ணே. பத்தடித் தூணை ஒரே மூச்சில் நிரப்பினோம். பனி விழுந்த காலை. மேலே கலவையை அதிர வைத்து இறுக்கும் வைபிரேட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது அடிப்பலகை பிளந்து, கலவை காலடியில் ஓடியது. இறுகாத கொங்கிரீட் தண்ணீரைப் போலப் பக்கவாட்டில் தள்ளும்; தண்ணீரைவிட ஏறக்குறைய 2.4 மடங்கு பலமாக. வெயில் ஊரில் அடிப்பகுதி சீக்கிரம் இறுகத் தொடங்குவதால் தள்ளல் தணியும். எங்கள் குளிரில் அது நெடுநேரம் இளகியே கிடக்கும். இப்போதெல்லாம் கீழ்ப்பகுதியில் கட்டைகளை நெருக்கி அடித்து, மெதுவாக ஏற்றுகிறேன். அதே குளிருக்காகத் தட்டின் முட்டுகளையும் கூடுதல் நாள் விட்டுவைக்கிறேன்.

பண்டாரவளை:

கழற்றும்போதும் கவனம் தேவை, தம்பிமாரே. சுவரிலிருந்து நீட்டிய வெயில்தட்டுக்கு, சுவரோரத்து முட்டுக் கம்பை முதலில் எடுத்து நுனியில் ஒன்றை விட்டுவைத்தார் எங்கள் ஆள். நீட்டுத் தட்டுக்குக் கம்பி மேற்பக்கம் இருக்கும். நுனியில் தாங்கினால் இழுவை அடிப்பக்கத்துக்கு வந்துவிடும். மறுநாள் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நுனியிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கிக் கழற்ற வேண்டும். இரு சுவருக்கு இடைப்பட்ட தட்டு என்றால் நடுவிலிருந்து.