விரலின் மறுபுறத்தால் வாசிக்கும் யௌஹிக்கோ

முதல் நாள் வகுப்பில், ஃபின்லாந்தின் பழைய வில் வாத்தியமான யௌஹிக்கோவை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் வயலின் கற்றிருந்தேன். விரல் அழுத்துவதற்குப் பலகை ஒன்றைத் தேடியது. இந்த வாத்தியத்தில் அது கிடையாது. மேற்பகுதியில் மரத்தைக் குடைந்து ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். அதன் வழியாகப் பின்னாலிருந்து கையை நுழைத்து, விரல்களின் மறுபுறத்தால், அதாவது நகமும் கணுவும் இருக்கும் பக்கத்தால், நரம்பைத் தொட வேண்டும். தொட்டால் போதும், அழுத்தவே கூடாது.

சொல்வதற்கு எளிது. எனக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. அழுத்தினால் சுருதி மேலே ஏறிவிடும். தயங்கித் தொட்டால் இரைச்சல்தான் வரும். உள்ளங்கைப் பக்கம் பழகிய விரல்களுக்கு மறுபுறத்தில் காது முளைக்க வேண்டியிருந்தது.

நரம்புகள் இரண்டோ மூன்றோதான். பழைய முறைப்படி அவை குதிரைவால் முடியைத் திரித்துச் செய்தவை. 'யௌஹி' என்ற ஃபின்னிய சொல்லே குதிரையின் வால்முடியைத்தான் குறிக்கிறது. வில்லிலும் அதே முடி. அது தளர்ந்தே இருக்கும், வாசிக்கும்போது வலது கை விரல்களால் இழுத்துப் பிடித்து இறுக்க வேண்டும். முடியோடு முடி உரசுவதால் எழும் கரகரப்பை நான் முதலில் என் தவறு என்றே நினைத்து, வயலினைப்போல் வழவழப்பாக்கப் பாடுபட்டேன். ஆசிரியர் வில்லைத் தடுத்து, "அந்தக் கரகரப்புதான் இதன் குரல், அதை அழிக்காதீர்கள்" என்றார். அன்றிலிருந்துதான் உண்மையில் வாசிக்கத் தொடங்கினேன் என்று சொல்வேன்.

விரல் படாத வெறும் நரம்பையும் சேர்த்து ஐந்தாறு ஸ்வரங்களுக்குள்தான் மெட்டு சுற்றி வரும். பக்கத்து நரம்பு இடைவிடாமல் சுருதி பிடித்துக்கொண்டிருக்கும். இவ்வளவு சிறிய இடத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்கள், ஃபின்னிய நாட்டுப்புற இசை ஆய்வாளர் ஏ. ஓ. வைசனன் 1928இல் வெளியிட்ட தொகுப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1916, 1917ஆம் ஆண்டுகளில் அவர் லடோகா ஏரிக்கு வடக்கே, ஃபின்லாந்தும் ரஷ்யாவும் சந்திக்கும் கரேலியாவில் அலைந்து, ஃபியோடோர் பிராட்ஷு போன்ற கலைஞர்களிடமிருந்து இந்த மெட்டுகளைத் திரட்டினார். பெரும்பாலும் நடனத்துக்கானவை. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் ஏதோ ஓரிடத்தில் ஒரு சின்ன மாறுதல். அந்த ஊர்களில் பல இன்று ரஷ்ய எல்லைக்குள் இருக்கின்றன. வாசித்தவர்களும் போய்விட்டார்கள். அவர் அன்று அலையாமல் இருந்திருந்தால் எனக்குக் கற்க இவ்வளவுகூட மிஞ்சியிருக்காது என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று: ஈரப்பதம் மாறினால் முடி நரம்பின் சுருதியும் மாறும். மழை நாளில் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். நான் இப்போது மெட்டைத் தொடுவதற்கு முன் சுருதி நரம்பை மட்டும் வெகுநேரம் வில்லால் இழுத்துக்கொண்டிருக்கிறேன். வாத்தியத்தின் உடல் தொடையில் அதிரத் தொடங்கிய பிறகே இடது கையை உள்ளே நுழைக்கிறேன்.