கிராண்டிஃப்ளோரா: லத்தீன் இலக்கணம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

குழுவினருக்கு வணக்கம். தாவரப் பெயர்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெயரடையில் வண்டி நின்றுவிட்டது.

அகத்தி 'செஸ்பேனியா கிராண்டிஃப்ளோரா'. பிச்சிப்பூவுக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1762இல் வைத்த பெயர் 'ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம்'. செஸ்பேனியா பெண்பால், ஜாஸ்மினம் நியூட்டர் (ஆண்பாலும் அல்ல, பெண்பாலும் அல்ல). அதனால் ஈறு மாறுகிறது. அது புரிகிறது. 'கிராண்டிஸ்' என்றால் பெரிய, 'ஃப்ளோஸ்' என்றால் பூ. ஆனால் சேர்த்தால் 'பெரிய பூ' அல்ல, 'பெரிய பூவை உடையது'. அசல் அன்மொழித்தொகை!

குழப்பமே ஈற்றில்தான். கிராண்டிஸ், ஃப்ளோஸ் இரண்டுமே மூன்றாம் டிக்ளென்ஷன் (வேற்றுமை ஈறுகளை வைத்துச் சொற்களைப் பிரிக்கும் வகுப்பு). சேர்ந்ததும் -உஸ், -அ, -உம் என்று முதல், இரண்டாம் வகுப்புக்குத் தாவிவிடுகின்றன. எதிர்த்திசையிலும் நடக்கிறது: 'ஃபோர்மா' (வடிவம்) முதல் வகுப்பு, ஆனால் பாதி மனிதன், பாதி காளையான மினோட்டாரைச் சொல்லும் ரோமானியக் கவிஞர் வெர்ஜில் 'பிஃபோர்மிஸ்' (இரு வடிவுடைய) என்கிறார். 'அனிமுஸ்' (மனம், உயிர்) இன்னும் மோசம். உயிரற்ற என்ற பொருளில் 'எக்ஸனிமுஸ்', 'எக்ஸனிமிஸ்' இரண்டுமே உண்டு.

இதற்கு விதி ஏதும் இருக்கிறதா, இல்லை சொல்லுக்குச் சொல் மரபுதானா? கவிஞர்களின் யாப்பு வசதிக்கும் இதில் பங்கு உண்டா?

கூடவே இன்னொன்று. 'முல்ட்டுஸ்' (பல) தொகையில் 'முல்ட்டிஃப்ளோருஸ்' ஆகும்போது வரும் இகரம் உயிர் மெலிந்து வந்தது என்றும், கிராண்டிஸில் அது அடிச்சொல்லிலேயே இருக்கிறது என்றும் எழுதி வைத்திருக்கிறேன். சரிதானே?

இலக்கண நூலில் உரிய பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் புண்ணியமாகப் போகும். மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டிப் பார்த்த விடைகள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.