பெட்டைக்கோழிக்கு முள் வளர்ந்திருக்கிறது, வெட்டலாமா?

வணக்கம். நாங்கள் குலசேகரம் பக்கம். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் 11 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். அதில் ஐந்து வயதான கருப்புப் பெட்டைக்கு இரண்டு காலிலும் சேவலுக்கு இருப்பது போல முள் வளர்ந்துவிட்டது. இடது கால் முள் 2 சென்டிமீட்டர் இருக்கும். நுனி உள்பக்கமாக வளைந்து, நடக்கும்போது அடுத்த காலில் உரசுகிறது. நேற்று தூக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் செதில் பெயர்ந்து லேசாக ரத்தம் கசிந்திருந்தது. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா, "பெட்டைக்கு முள் வந்தால் வீட்டுக்கு ஆகாது, கோழியை அறுத்துவிடு" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. முள்ளின் மொட்டு பெட்டைக்கும் உண்டு, வயதானால் சிலவற்றுக்கு வளரும். இது இப்போதும் வாரம் இரண்டு முட்டை இடுகிறது, கூவுவதும் இல்லை. சேவலாக மாறுகிறது என்ற பேச்சை நான் நம்பவில்லை.

என் கவலை வெட்டுவதில்தான். வெளியே கொம்பு மாதிரி ஓடு, உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும். நுனியை மட்டும் அரத்தால் ராவினால் போதுமா? எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்? செய்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அப்புறம், மார்த்தாண்டம், தக்கலை பக்கம் கோழியைப் பொறுமையாகப் பார்க்கும் கால்நடை மருத்துவர் இருந்தாலும் சொல்லுங்கள், நாளைக்கே கூடையில் வைத்துக் கொண்டுபோகிறேன்.