டிரைவர் மாற்றியதும் ஒய் அச்சு விலகுது: கரன்ட்டா, பல்ஸா?

மரத்தூள்: சிஎன்சி ரவுட்டரில் (கம்ப்யூட்டர் ஓட்டுற வெட்டு மெஷின்) ஒய் அச்சு மோட்டாரை ஓட்டுற டிபி6600 டிரைவர் போர்டு புகைந்துபோச்சு. பதிலுக்கு டிஎம்542 போட்டேன். மோட்டார் ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ் (ஒரு பல்ஸுக்கு ஒரு ஸ்டெப் நகரும்), சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துற ஸ்க்ரூ, நீளம் சரியா வருது. ஆனா பாக்கெட் (குழி) வெட்டினா அடுக்குக்கு அடுக்கு ஒரே பக்கமா தள்ளிப்போகுது. "கரன்ட்டை முழுசா ஏத்துங்க, சரியாயிடும்"னு சுழல்முனை சார் சொன்னார். ஏத்தியாச்சு, மாற்றமில்லை.

நேர்க்கோடு: எதைக் கேட்டாலும் கரன்ட்! எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரையா? ஒரே பக்கம் விலகுதுன்னு அவர் தெளிவா எழுதியிருக்கார். டிஎம்542-க்கு திசை சிக்னல் பல்ஸுக்கு 5 மைக்ரோசெகண்ட் முன்னாடியே நிலையா நிக்கணும். பல்ஸ் தலைகீழா (ஹை-லோ மாறி) இருந்தா, திரும்புற இடத்துல ஒரு ஸ்டெப் பழைய திசையிலேயே போயிடும். மெஷினை ஓட்டுற மாக்3 சாஃப்ட்வேர்ல ஒய்க்கு மட்டும் ஸ்டெப் லோ ஆக்டிவ் குறியை மாத்துங்க.

சுழல்முனை: 1600-ல ஒரு ஸ்டெப் 0.003 மி.மீ. அதைக் கண்ணால பார்த்தீங்களா? டிஎம்542-ல 4.2 ஆம்பியர்னு போட்டிருக்கறது பீக் (உச்சம்). ஆர்எம்எஸ் (சராசரி மாதிரியான பயன் அளவு) 3 தான். மோட்டார் இழுக்க முடியாம ஸ்டெப் விடுது. சாதாரண விஷயம்.

நேர்க்கோடு: பாக்கெட்டுல எத்தனை தடவை திரும்புதுன்னு எண்ணிப் பாருங்க. திருப்பத்துக்கு ஒரு ஸ்டெப் போனாலும் 1000 திருப்பத்துல 3 மி.மீ. இழுக்க முடியாத மோட்டார் நேரத்துக்கு ஒரு மாதிரி விடும், உறுமும். இவ்வளவு ஒழுங்கா ஒரே பக்கம் விடாது. ஒரே பக்கம் சார், ஒரே பக்கம்!

பழையபட்டறை: டிபி6600-னு விக்கிற போர்டு பாதியில உள்ளே வேற சிப். அதைத் திறந்து பார்த்தீங்களா?

நேர்க்கோடு: அது செத்துப்போச்சு அண்ணே. இப்ப பேச்சு புது டிரைவர் பத்தி.

பழையபட்டறை: ஏன் செத்துச்சுங்கறதுதான் கேள்வி. ஓடும்போதே மோட்டார் கனெக்டரைப் பிடுங்கியிருப்பாங்க. இதை நான் போன தடவை சொன்னப்பவும் நீங்க இப்படித்தான் ஒதுக்கினீங்க.

சுழல்முனை: கேபிளோட ஷீல்டை (உலோக உறை) ரெண்டு முனையிலும் எர்த் பண்ணலாம்னு சொன்னப்ப என்னையும்தான் கிழிச்சார். இங்கே அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

நேர்க்கோடு: ஷீல்டு ஒரு முனைதான். அன்னிக்கும் அதே, இன்னிக்கும் அதே. விஷயத்துக்கு வாங்க. கட்டரைக் கழட்டிட்டு காத்துல ஓட்டுங்க, டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால காட்டுற கருவி) வைங்க. வெட்டாமலே விலகினா கரன்ட் எங்கே வந்தது?

சுழல்முனை: வெட்டாட்டியும் திரும்பும்போது கேன்ட்ரியோட (கட்டரைச் சுமக்குற பாலம்) எடையை இழுக்கணுமில்ல? அதுக்கு டார்க் (திருகுவிசை) வேணாமா? படிச்சவருக்கு இது தெரியாதா?

நேர்க்கோடு: அப்ப ஆக்ஸிலரேஷனைப் பாதியாக்கி, ஃபீடையும் (நகரும் வேகம்) குறைச்சு அதே நிரலை ஓட்டுங்க. விலகல் குறைஞ்சா நீங்க சொன்னது. அப்படியே இருந்தா திருப்பத்துலதான் கோளாறு. அப்புறம் நடுவுல திருப்பமே இல்லாம ஒரு நீள ஓட்டம் போய்த் திரும்பி வாங்க, கேஜ் கிட்டத்தட்ட பூஜ்யத்துல நிக்கும். குறியை மாத்த ஒரு நிமிஷம்கூட ஆகாது, மரத்தூள். மாத்திட்டு எழுதுங்க.

சுழல்முனை: மாத்தட்டும். மோட்டார் சூடு என்னன்னும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. சூடே இல்லைன்னா கரன்ட் குறைவுதான்.

நேர்க்கோடு: மறுபடியும் கரன்ட்! ஒரே பக்கம் ஏன் போகுதுன்னு இன்னும் நீங்க பதில் சொல்லலை.

பழையபட்டறை: கனெக்டரைப் பிடுங்கினாரா இல்லையா, அதை முதல்ல யாராவது கேளுங்கப்பா.